பித்தளைச் சொம்பும் பழைய சிடியும்

நவராத்திரிக்கு முந்தின வாரம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மை பார்க்கப் போனவள் பக்கத்துச் சந்துப் பழைய சாமான் கடையில் மாட்டிக்கொண்டேன். ஜோடி சேராத கண்ணாடி வளையல் ஒரு டப்பா 30 ரூபாய். வீட்டில் கிடந்த பழைய சிடியின் விளிம்பில் வளையல்களை ஒட்டி, நடுவில் அகலை வைத்தேன். சுடர் சிடியில் பட்டு வானவில்லாகச் சிதறுகிறது, அவ்வளவு அழகு!

220 ரூபாய்ச் சொம்புதான் காலை வாரியது. புளி போட்டுத் தேய்த்ததும் தகதகவென்று மின்னியது, சரி. “ஓட்டையே இல்லைம்மா” என்று கடைக்காரர் சத்தியம் செய்ததை நம்பித் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தேன். விடிவதற்குள் கொலுத் துணி நனைந்து, செட்டியார் பொம்மையின் காலும் ஊறிவிட்டது. அங்கே போனால் பேரம் பேசுங்கள்; சொம்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தே வாங்குங்கள்.