குழந்தைத் துணிக்கு ஜிக்ஜாக் இயந்திரம்: ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு

போன வாரம் என் தங்கை அழைத்து, “அக்கா, நீ வெச்சிருக்கற மிஷினையே நானும் வாங்கிக்கட்டுமா?” என்று கேட்டாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். அவள் கேட்ட நேரத்தில், பழுது பார்த்து வந்து நான்கே நாளான அந்த இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் குழந்தைக்கென்று தைத்துக்கொண்டிருந்த ஜப்லாவின் இடது தோள் ஊசித் துளைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரி முனையால் மெல்ல விடுவித்துக்கொண்டிருந்தேன். அந்த மனநிலையில் பதில் சொல்வது முறையல்ல என்று தோன்றியதால், யோசித்துச் சொல்கிறேன் என்று பேச்சை முடித்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, 2018-இல் இதை வாங்கினேன். மேசைமேல் வைத்துத் தைக்கும், மோட்டார் உள்ளேயே அமைந்த ஜிக்ஜாக் இயந்திரம். எத்தனை வகைத் தையல் போடும், என்ன எடை என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். இந்த ஏழு ஆண்டுகளில் என் இரண்டு குழந்தைகளும் உடுத்தியவற்றில் பள்ளிச் சீருடையையும், உறவினர் எடுத்துக் கொடுத்தவற்றையும் தவிர மற்ற அனைத்தும், ஜப்லாவும் லங்கோடும் தொடங்கிக் கவுன், டவுசர், பாவாடை சட்டை வரை, இதில் தைத்தவையே. ஆகவே இதன் குறையைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் குறை ஒரு துளை. ஜிக்ஜாக் தையலில் ஊசி இடமும் வலமும் மாறிமாறி இறங்க வேண்டும் என்பதால், ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டில் வட்டமான சிறு துளைக்குப் பதிலாகக் குறுக்குவாட்டில் நீண்ட திறப்பு ஒன்று இருக்கும். என் இயந்திரத்தில் அதன் அகலம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாப்ளினோ ஜீன்ஸ் துணியோ தைப்பவருக்கு இப்படியொரு திறப்பு இருப்பதே தெரியாது. மெல்லிய பருத்தித் துணியான மல் துணியை வைத்து ஓரத்திலிருந்து தையலைத் தொடங்கிப் பாருங்கள். ஊசி இறங்கும்போது துணியைத் துளைப்பதற்கு முன்பே அதை அந்தத் திறப்புக்குள் அமுக்கிவிடுகிறது. கீழே சிறு உருளையில் சுற்றியிருக்கும் பாபின் நூல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த இரண்டு தையலுக்குள் ஓரம் முழுவதும் உள்ளே போய், அடியில் நூல் பந்தாகச் சுருண்டு, சக்கரம் நின்றுவிடுகிறது. இழுத்தால் துணி கிழியும். தகட்டைக் கழற்றினால்தான் முழுதாக வெளியே வரும்.

உள்ளே போகாத வேளையிலும் தொல்லை தீர்வதில்லை. ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலெழும்போது அதன் பின்புறம் நூல் ஒரு சிறு கண்ணியாக விரிய வேண்டும்; அந்தக் கண்ணியைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் கொக்கி பிடித்தால்தான் தையல் விழும். ஊசியைச் சுற்றிப் பிடிமானம் இல்லாத மெல்லிய துணி, ஊசியோடு ஒட்டிக்கொண்டு தானும் மேலே எழுகிறது. கண்ணி விரிவதில்லை, கொக்கிக்கு ஒன்றும் அகப்படுவதில்லை, தையல் விட்டுவிட்டு விழுகிறது. முதல் ஆண்டு முழுவதும் இதை என் கைப்பழக்கத்தின் குறை என்றே நினைத்து வருந்தினேன்.

பெரியவர்கள் துணியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தக் குறை குழந்தைத் துணியில் ஏன் இவ்வளவு வதைக்கிறது என்பதற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு தையல் வரிசையின் தொடக்கத்தில்தான் இயந்திரம் துணியை விழுங்குகிறது, குழந்தைத் துணியிலோ தொடக்கங்களே அதிகம். ஒரு ஜப்லாவுக்கு நான் எண்ணியிருக்கிறேன். தோள் இரண்டு, பக்கம் இரண்டு, கைக்குழி இரண்டு. பிசிறு குழந்தையின் தோலில் உரசக் கூடாது என்பதற்காக இந்த ஆறையும் முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியத் தைத்து, திருப்பி, பிசிறு உள்ளே அடங்குமாறு மறுபடியும் தைக்கிறேன், ஆகப் பன்னிரண்டு. கை ஓரம் இரண்டு, கழுத்துப் பட்டி இணைக்கவும் மடித்து அடிக்கவும் இரண்டு, பின்புறத் திறப்பின் ஓரங்கள் இரண்டு, கீழ் மடிப்பு ஒன்று, நாடாக்கள் நான்கு. மொத்தம் இருபத்து மூன்று தொடக்கங்கள், அதாவது இருபத்து மூன்று முறை நெஞ்சு படபடக்கிறது. அவற்றில் நாடாவே மிக மோசம். அரை அங்குல அகலமுள்ள துண்டின் நுனி மூலையிலிருந்துதான் அதைத் தொடங்கியாக வேண்டும், இயந்திரம் ஆவலோடு விழுங்குவதும் அந்த மூலையைத்தான். (நாடாவைக் கழுத்தில் வைப்பதை நான் நிறுத்தி வெகுநாளாயிற்று. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியில் கட்டுக்கயிறே கூடாது என்று ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரவிதி சொல்கிறது. கயிறு எதிலாவது மாட்டி இறுக்கிவிடும் என்பதே அச்சம். நம் வீடுகளில் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் ஜப்லாவே வழக்கம் என்றாலும், நான் நாடாக்களை விலாப் பக்கம் இறக்கி, முடிச்சுக்குப் போதுமான அளவோடு குட்டையாக வெட்டிவிடுகிறேன்.)

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி உடுத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியையோ நூல் புடவையையோ கிழித்துத் தைத்துப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. கஞ்சிப்பசை முழுவதும் நீங்கி, இனிச் சுருங்கவும் வழியில்லாமல், வேர்வையை உடனே உறிஞ்சும் நிலைக்கு வந்த துணி அது. தங்கை குழந்தைக்காக நான் எடுத்து வைத்திருந்ததும் எங்கள் அப்பாவின் வேட்டிதான். ஏறக்குறைய பத்தாண்டு துவைத்த வேட்டியின் இழை, கடையில் வாங்கும் மல் துணியின் இழையைவிடத் தளர்ந்திருக்கும். ஒருமுறை துளைக்குள் போய்வந்தால் அந்த இடம் சல்லடையாகிவிடுகிறது. புதுத் துணி என்றால் வேறொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். அப்பா இல்லாத இப்போது இன்னொரு வேட்டிக்கு நான் எங்கே போவது?

ஏழு ஆண்டுகளில் இதற்கு நான் கண்ட மாற்று வழிகள் சில உண்டு. இயந்திரத்தோடு வரும் பதினான்காம் எண் ஊசியை எடுத்துவிட்டு, மெல்லிய துணிக்கு ஒன்பதாம் எண்ணோ பதினொன்றாம் எண்ணோ போட வேண்டும்; பாதிப் பிரச்சினை அதிலேயே குறைகிறது. ஊசியின் இருப்பிடத்தை நடுவிலிருந்து இடக் கோடிக்கு மாற்றிவிட்டால், திறப்பின் விளிம்பு ஒரு பக்கத்திலாவது துணியைத் தாங்குகிறது. தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதல் மூன்று தையலைக் காலால் மிதிக்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றியே போட வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, முதலில் ஒரு கழிவுத் துணித் துண்டின்மேல் தைக்கத் தொடங்கி, நிறுத்தாமல் ஜப்லாவின் ஓரத்துக்குள் நுழைந்துவிடுவது. துளைக்கு இரையாவது கழிவுத் துண்டாக இருக்கும். காஜா எடுக்கும்போது அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் மனம் ஆறாமல், நேர்த்தையலுக்கென்று ஒற்றைத் துளைத் தகடு தனியாக விற்பார்களே, அதைக் கேட்டு விற்பனை நிலையத்துக்குப் போனேன். இந்த மாதிரிக்கு அது வருவதில்லை என்றார்கள். கையடக்கமான ஓர் இரும்புத் தகடு. விளம்பரப் படத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில் இந்த இயந்திரத்தை வைத்துக் காட்டுகிறவர்களுக்கு, தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்தத் துணியை உடுத்தும் என்று ஒருமுறை யோசிக்கத் தோன்றவில்லை என்பதே என் ஆற்றாமை. கடைசியில் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றிலிருந்து, துணியைத் தள்ளும் இரண்டு வரிசைப் பற்களுக்கும் இடையே அடங்கும்படி ஒரு பட்டையை வெட்டி, முனைகளை மட்டும் தகட்டோடு ஒட்டி, ஊசியாலேயே அதில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். முதலில் நேரடியாகப் பசைநாடாவை ஒட்டிப் பார்த்ததில் பசை ஊசியில் ஏறி நூலை இழுத்தது. எக்ஸ்ரே படத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஓராண்டு நிம்மதியாகத் தைத்தேன். ஜிக்ஜாக்குக்கு மாற்றும்போதெல்லாம் அதை நினைவாகப் பிய்த்தெடுக்க வேண்டும். சென்ற மாதம் மறந்துவிட்டேன். ஊசி ஒடிந்து, கொக்கியில் கீறல் விழுந்து, பழுதுக்குப் போனது அப்படித்தான்.

பழுது பார்த்த அண்ணன் கொக்கியைத் தேய்த்து மெருகிட்டு, ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தார். “மிஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்க, நீங்க போடற துணிதானுங்க ரொம்ப மெலிசு” என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் பச்சைக் குழந்தைக்கு வேறெந்தத் துணியைப் போடுவது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

கோபத்தில் நியாயம் தவறக் கூடாது என்பதால் இதன் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அது சிறிதல்ல. குழந்தை தவழத் தொடங்கியதும் தேவைப்படுவது பனியன் துணி. திருப்பூர்க் காதர்பேட்டைக்குப் போய்வரும் நாள்களில் எஞ்சிய துணி வாங்கி வந்து, முனை மழுங்கிய ஊசி போட்டு, சிறிய ஜிக்ஜாக்கில் தைத்த டவுசர்களும் உள்ளாடைகளும் இழுத்த இழுப்புக்கு விரிந்து கொடுத்தன. ஒரு தையல்கூட அறுந்ததில்லை. இடுப்பு எலாஸ்டிக்கை நேரடியாகத் துணியில் வைத்து இழுத்துப் பிடித்து ஒவ்வொரு சாய்வையும் மூன்று சிறு தையலாகப் போடும் மூன்று புள்ளி ஜிக்ஜாக் ஓட்டினால், நாடாக் குழாய்க்குள் எலாஸ்டிக் திருகிக்கொள்ளும் பேச்சே இல்லை, குழந்தையின் வயிற்றில் தடமும் பதிவதில்லை. முன்பக்கப் பெட்டியைக் கழற்றினால் மிஞ்சும் மெல்லிய கைப்பகுதியில் டவுசர் காலைச் சட்டைக்கைபோல மாட்டிச் சுற்றிச் சுற்றித் தைப்பது இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சி தரும் வேலை. அந்தக் கைப்பகுதியின் சுற்றளவு பத்தரை அங்குலம் என்பதால் மூன்று வயதுக் குழந்தையின் டவுசர் எளிதாக நுழைகிறது. ஆறு அங்குலச் சுற்றுள்ள ஜப்லாக் கை நுழையாது, அதைப் பக்கம் மூட்டும் முன்பே விரித்து வைத்து ஓரம் அடித்துவிட வேண்டும். மூத்தவளின் பட்டுப் பாவாடையில் நீளத்தைக் குறைக்க வைத்த மூன்று டக்கு மடிப்புகளையும் இந்த இயந்திரம் நூல் பிடித்தாற்போல நேராகப் போட்டுக் கொடுத்தது. ஆண்டுக்கொன்றாக அவிழ்த்துவிட்டு மூன்று பொங்கலுக்கு அதே பாவாடையை அவள் உடுத்தினாள். அவிழ்த்த இடத்தில் ஊசித் தடம்கூடத் தெரியவில்லை.

கணக்குப் பார்த்தால் குறை ஒன்று, நிறை பல. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தைப்பவர் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டவள் இன்னும் பெறாத குழந்தைக்குத் தைக்கப் போகிறவள்.

கோபிச்செட்டிபாளையத்தில் அம்மாவின் அறையில் 1986-இல் வாங்கிய கறுப்புக் கால்மிதி இயந்திரம் ஒன்று போர்வை மூடி நிற்கிறது. நேர்த்தையல் ஒன்றைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. ஊசித் தகட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரே ஒரு வட்டத் துளைதான். நாங்கள் இருவரும் பிறந்தபோது பாட்டியின் நூல் புடவையைக் கிழித்து அம்மா அதில்தான் தைத்தார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, மல் துணியின் நுனி மூலையை அதன் பாதத்துக்கடியில் வைத்து வேண்டுமென்றே கழிவுத் துணி இல்லாமல் தொடங்கிப் பார்த்தேன். முதல் தையலே மூலையில் சுத்தமாக விழுந்து, அடியிலும் மேலிலும் ஒரே சீராக நூல் ஓடியது. மிதியை விரும்பிய அளவுக்கு மெதுவாக மிதிக்க முடிவதால், கைக்குழி வளைவில் தையலுக்குத் தையல் நின்று திரும்பவும் முடிந்தது. இத்தனை காலம் எதற்காகக் கழிவுத் துணியும் எக்ஸ்ரே படமும் தேடி அலைந்தேன் என்று அன்றைக்கு மனம் கனத்துவிட்டது.

எனவே தங்கையிடம், இதை வாங்காதே, அம்மாவின் இயந்திரத்தை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பனியன் துணிக்கும் எலாஸ்டிக்குக்கும் என்ன செய்வாய் என்று நானே கேட்டு, என்னிடம் கொண்டு வா, தைத்துத் தருகிறேன் என்று நானே பதிலும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த மிஷின் பெல்ட் தளந்து கெடக்குதேக்கா, புதுசு எங்க கெடைக்கும்?” ஈரோடு மணிக்கூண்டுப் பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் தோல் பெல்ட் கிடைக்கும், வாங்கி வந்து நானே மாட்டித் தருகிறேன் என்றேன். வேட்டித் துணியில் கிழிந்த இடது தோளுக்கு உள்பக்கமாக ஒரு சிறு ஒட்டு வைத்து அன்றிரவே கையால் தைத்து முடித்தேன். மீதமுள்ள இரண்டு முழத்தை இன்னும் வெட்டவில்லை. அதைக் கோபிச்செட்டிபாளையத்துக்கு எடுத்துப் போகிறேன்.