சோலார் செல் கிட், 400 வாட் காத்தாடி: ரெண்டையும் தென்காசில வெச்சுப் பாத்த அனுபவம்

வீட்லயே சோலார் பேனல் செய்யலாம், மாடில காத்தாடி வெச்சு கரண்ட் எடுக்கலாம்னு வீடியோ பாத்துட்டு ஆன்லைன்ல கிட் ஆர்டர் போடப் போறவங்களுக்குத்தான் இது. ரெண்டையும் வாங்கி எங்க மொட்டமாடில மாட்டிருக்கேன், ரெண்டுக்கும் ஒரே மார்க் போட முடியாது.

முதல்ல செல் கிட். பேனலுக்குள்ள இருக்குற சின்னச் சின்ன தகடுதான் செல். 36 செல், செல்ல செல்லோட இணைக்குற டேபிங் வயர், வரிசைகள இணைக்குற பஸ் வயர், சால்டர் நல்லா ஒட்ட தடவுற ஃப்ளக்ஸ் பேனா, கரண்ட் திரும்பிப் போகாம தடுக்குற ஒரு டயோடு, அவ்ளோதான் வருது. கண்ணாடி, அலுமினிய பிரேம், சீலன்ட் எல்லாம் நாமதான் தேடணும். ஏன் 36னா ஒரு செல் வெயில்ல அரை வோல்ட் கிட்டதான் தரும், 36ஐயும் சீரிஸ்ல, அதாவது ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்தா 18 வோல்ட் வரும், 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆக அது சரியா இருக்கும். செல்லோட தடிமன் 0.2 மில்லிமீட்டர்தான், கொஞ்சம் அழுத்துனாலே அப்பளம் மாதிரி நொறுங்கிடும். "ஏ கிரேடு"ன்னு போட்டு வந்த டப்பாலயே ஓரம் உடைஞ்சது சிலது கெடந்துச்சு, ரிட்டர்ன் கேட்டா பதிலே இல்ல.

இதுல ரொம்ப முக்கியமான விஷயம், சால்டர் வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செல்லையும் வெயில்ல வெச்சு மல்டிமீட்டர்ல ஆம்பியர் பாத்துடுங்க, ஏன்னா சீரிஸ்ல ஒரு மட்டமான செல் இருந்தா மத்த 35ம் அதோட அளவுக்கு எறங்கிடும், அந்த செல்லு சூடாகி கருகவும் செய்யும். 6 இஞ்ச் செல்லுனா நல்ல வெயில்ல 8 ஆம்பியர் பக்கம் காட்டணும்.

அப்புறம் சீல் பண்றது, இங்கதான் வீட்டு பேனல் தோத்துப் போகுது. கம்பெனில ஈவிஏங்கிற பிளாஸ்டிக் ஷீட் நடுவுல செல்ல வெச்சு, காத்த உறிஞ்சி எடுத்துட்டு சூட்டுல ஒட்டுறாங்க. நம்ம சிலிக்கோன் பசை தடவி மூடுறோம். எங்க ஊர் சாரல் ஒரு சீசன் அடிச்சதுலயே கண்ணாடிக்கு உள்ள ஈரம் பூத்துடுச்சு, வயர் கருக்க ஆரம்பிச்சிருச்சு. சிலர் அக்ரிலிக் போடுறாங்க, அது வெயில்ல வளைஞ்சிரும், வேண்டாம். செலவ எல்லாம் கூட்டிப் பாத்தா 25 வருஷ வாரண்டியோட வர்ற ரெடிமேட் பேனலே கம்மிதான். வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் தர்றாங்க, அதுக்கும் நம்ம ஒட்டுன பேனல் செல்லாது. ஆனா பிள்ளைகளுக்கு கரண்ட் எப்படி வருதுன்னு கையால செஞ்சு காட்ட இத விட நல்ல பொருள் எதுவும் இல்ல, அதுக்காகவே நான் வாங்கச் சொல்லுவேன்.

காத்தாடி கத வேற. டப்பால 400 வாட்னு போட்டிருக்கும், அது செகண்டுக்கு 12 மீட்டர் வேகத்துல காத்து அடிச்சாத்தான். காத்தோட வேகம் பாதியானா பவர் எட்டுல ஒரு பங்காயிடும், கால்வாசி ஆனா அறுபத்து நாலுல ஒரு பங்கு, அதாவது சாதாரண நாள்ல 3 மீட்டர் வேகத்துக்கு 6 வாட்தான், ஒரு எல்இடி பல்பு. எங்களுக்கு செங்கோட்டை கணவாய் வழியா ஆனி ஆடில காத்து பிச்சுக்கிட்டு வரும், அந்த மாசங்கள்ல பேட்டரி நெறஞ்சு வழியுது, மேகம் மூடி சோலார் படுத்துக் கெடக்குற நேரத்துல இதுதான் கை கொடுக்குது. சென்னைலயோ மதுரைலயோ நாலு பக்கமும் வீடு சூழ்ந்த எடத்துல வாங்காதீங்க, காசு வேஸ்ட்.

மாடி செவுத்துலயே நேரா மாட்டக் கூடாது, ராத்திரி பூரா வீடு அதிரும். தனி கம்பம் நட்டு சுத்தி இருக்குற மரத்த விட நல்லா ஒசரமா தூக்கணும்.

நெசமாவே கையால செய்யணும்னு ஆச இருக்குறவங்க ஸ்காட்லாந்துல ஸ்கொரைக்ங்கிற ஊர்ல இருக்குற, கையால காத்தாடி செய்யுறதுல பேர் போன ஹியூ பிகாட்டோட டிசைன பாருங்க. மரத்துல எறக்க செதுக்கி, ரெண்டு இரும்புத் தட்டுல காந்தம் ஒட்டி, நடுவுல செம்புக் கம்பிச் சுருள் வெச்சு செய்யுறது, பல நாடுகள்ல ஜனங்க செஞ்சு ஓட்டுறாங்க. எறக்க நீளம் ரெண்டு மடங்கானா காத்து பிடிக்குற பரப்பு நாலு மடங்காகுது, கிட்ல வர்ற குட்டி எறக்க அதுக்குப் பக்கத்துலயே நிக்க முடியாது.

கிட் வாங்குனாலும் செஞ்சாலும் டம்ப் லோடும் (மிச்ச கரண்ட சூடாக்கி செலவழிக்குற ஹீட்டர் மாதிரி ஒண்ணு) பிரேக் ஸ்விட்சும் கட்டாயம் போடுங்க. பேட்டரி நெறஞ்சதும் லோடு இல்லாம விட்டா காத்தாடி கட்டு மீறி சுத்தி எறக்க பிச்சுக்கும். காத்தாடில இருந்து வர்ற மூணு வயரையும் ஷார்ட் பண்ற பிரேக் ஸ்விட்ச் இருந்தா பெருங்காத்துக்கு முன்னாடி கீழ இருந்தே நிறுத்திடலாம், எனக்கு வந்த கிட்ல அது இல்ல, தனியா வாங்கித்தான் போட்டேன்.