அரங்கேற்றத்துக்கு 6 வாரம், காலில் வலி: ஓய்வா, மாத்திரையா, குறைத்து ஆடுவதா?

பரதநாட்டியத்தில் காலைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு மூன்றாம் காலத்துக்கு, அதாவது மூன்றாவது வேகத்துக்குப் போனதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பில் சுரீர் என்கிறது. அழைப்பிதழோ அச்சுக்குப் போயாயிற்று.

முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளமாகப் பரவி வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட்தான், அதாவது அளவுக்கு மீறிய பயிற்சியால் கீழ்க்கால் எலும்பின் ஓரத்தில் வரும் வலி. ஒரே புள்ளியில் குத்தி, ஒற்றைக் காலில் குதிக்க முடியாமல், ராத்திரி படுத்தாலும் வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்போது இந்த ஒப்பீடே வேண்டாம், நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் சில வாரங்கள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு, எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். கீறல் ஆற 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். தேதியைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். மாதவிடாய் தவறுகிறது, சாப்பாடும் குறைவு என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பு பலவீனமாக அதுவும் ஒரு காரணம்.

சரி, ஷின் ஸ்பிளிண்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும். ஆனால் கச்சேரியின் நீண்ட உருப்படியான அரை மணி நேர வர்ணத்துக்கான மூச்சும் கால் பலமும் கூடவே போய்விடும். திரும்பி வந்த முதல் வாரமே பழைய வேகத்தில் ஆடினால் வலி மறுபடி வந்து உட்காரும்.

வலி மாத்திரையும் டேப்பும் போட்டுக்கொண்டு ஆடுவது பலர் செய்வது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எலும்பு கொடுக்கும் ஒரே எச்சரிக்கை வலிதான். மாத்திரை அதைத்தான் அமுக்குகிறது.

என் ஓட்டு குறைத்து ஆடுவதற்கு. ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, வாயால் சொல்லி, கையில் தாளம் போட்டு, அபிநயத்தை உட்கார்ந்தே பயிற்சி செய்யலாம். காலால் தட்டுவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், அதுவும் மரத்தரையில். சிமென்ட் மேல் பதித்த டைல்ஸும் காலுக்குச் சிமென்ட்தான். மூச்சுக்குச் சைக்கிள், நீச்சல். முழங்காலை லேசாக மடக்கி நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் பலப்படும். மறுநாள் காலை முதல் அடியிலேயே வலித்தால் முந்தைய நாள் ஆடியது அதிகம் என்று அர்த்தம்.

ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதே வேகத்தில் அடியைச் சின்னதாக்கி, நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் அடிகளைக் கூட்டினால் எலும்பில் விழும் பாரம் குறையும். நமக்கு அதைத் தாளம் விடாது.

அப்புறம், வர்ணத்தில் ஒரு ஜதியைக் குறைக்கலாமா என்று டீச்சரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். மிருதங்கக்காரரோடு ஒத்திகை முடிந்த பிறகு கேட்டால் எல்லோர் முகமும் மாறும்.