பில்லில் சுண்ணாம்பு, மாடியில் சிமெண்ட்: பழைய வீட்டைப் ‘பசுமை’யாகப் புதுப்பிப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் 1950, 60-களில் கட்டிய தனி வீடுகளைப் ‘பசுமை முறையில்’ புதுப்பித்துத் தருகிறோம் என்று இப்போது நிறைய பேர் கிளம்பியிருக்கிறார்கள். தட்டையான ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம், நீண்ட சன்ஷேட், படிக்கட்டு ஓரம் ஜாலிச் சுவர், மொசைக் தரை என்று இருக்குமே, அந்த வீடுகள். அப்படி ஒரு வீட்டில் புதுப்பித்த மாடி முதல் ஐப்பசி மழைக்கே ஒழுகியது. உடைத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஒப்பந்தக்காரர் கொடுத்த கொட்டேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய சுருக்கியை (மழை, வெயில் தாங்கத் தளத்தின் மேல் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கு) எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி 3 அங்குலம், அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு), எல்லாவற்றுக்கும் மேலே வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. மாடி 1,000 சதுர அடி.

இதற்குச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பொதுப்பணித் துறையின் அளவுப்படி 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் கிடையாது. 3 அங்குல கனத்துக்கு ஜல்லி மட்டுமே 250 கன அடி. சுண்ணாம்பு ஏறக்குறைய 100 கன அடி, எடையில் சுமார் ஒன்றரை டன். அந்த வீட்டு வாசலில் இறங்கியது 25 கிலோ மூட்டை பன்னிரண்டு, அதாவது 300 கிலோ. கூடவே நாற்பது மூட்டை சிமெண்ட் வந்தது. கேட்டதற்குத் தட்டோடு பதிக்க என்றார்கள். அதற்கு இதில் பாதிகூட வேண்டாம்.

சுண்ணாம்பு வேலையில் ஜல்லியை நன்றாக நனைத்துக் கலக்கி, விரித்த பிறகு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கட்டையால் அடிக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. அடித்த கட்டை துள்ளி எழும் வரை நாள்கணக்கில் அடிக்க வேண்டும். ஆள்கூலி போவதே இதில்தான், ஏமாற்று நுழைவதும் இங்கேதான். அந்த வீட்டில் ஒரு பானை வெல்லத் தண்ணீரை ஊற்றிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மட்டப்பலகையால் இழுத்து ஒரே நாளில் மூடிவிட்டார்கள். உடைத்தபோது உள்ளே சாம்பல் நிறக் கலவை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் கனம் ஒன்றரை அங்குலம்.

சிமெண்ட் என்றால் இன்னும் உறுதிதானே என்று கேட்பார்கள். ஆனால் சிமெண்ட் கலவை காயும்போது சுருங்கி மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது. சித்திரை வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தின் மேல் அந்த வெடிப்பு வளரும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெடிப்பு வழியே இறங்கிய மழைத் தண்ணீரைச் செங்கல் ஜல்லி குடித்து வைத்துக்கொள்கிறது, அடியில் தளத்துக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. இதன்மேல், ஈரம் காயும் முன்பே வெள்ளைப் பூச்சை அடித்திருந்தார்கள். வெயிலில் ஆவி மேலே வர வழியில்லாமல் தோசைக்கல் அகலத்துக்குக் கொப்புளங்கள். ஒன்றை விரலால் அழுத்தியதும் ஓரம் கிழிந்து தண்ணீர் வழிந்தது.

கலவையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கலக்கும் இடத்தில் நின்று, நீங்களே ஒரு பிடி எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றில்லாமல் இறுகக் கட்டி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். பைக்குள் மறுநாளும் விரலுக்கு மசியும். சிமெண்டுக்குக் காற்று வேண்டாம், தண்ணீர் போதும், மறுநாள் கல்லாகிவிடும். வினிகர் ஊற்றி நுரை வருகிறது பாருங்கள் என்று காட்டினால் நம்பாதீர்கள். சிமெண்ட் பூச்சிலும் நுரை வரும்.

பழைய சுருக்கியை எடுப்பதிலும் ஒரு கேடு நடந்தது. கான்கிரீட் உடைக்கும் மின் இயந்திரத்தை வைத்து உடைத்ததில், மெல்லிய பழைய தளத்தின் அடிப்பூச்சு பொரிந்து விழுந்திருக்கிறது. உளியும் சுத்தியலும் வைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போடலாம் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள்: 3 அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. ஆட்கள் ஏறும் மாடிக்குக் கணக்கில் வைக்கும் பாரமே 150 கிலோதான்.

தேக்கு ஜன்னல்கள் போன கதை மனதை வருத்துகிறது. ‘இடிபாடு அகற்ற’ என்று வீட்டுக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த வண்டியிலேயே எட்டு ஜோடி ஜன்னல் கதவுகளையும் ஏற்றிப் போய்விட்டார்கள். பதிலுக்கு வந்தவை பாதி மட்டுமே திறக்கும் யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) தள்ளு ஜன்னல்கள். எதிரெதிர் ஜன்னலில் ஓடிய காற்று பாதியாகி, இப்போது பகலிலேயே ஏ.சி. ஓடுகிறது. அறுபது வருடத் தேக்கைச் சீவி எண்ணெய் பூசி மாட்டியிருந்தால் அதுவல்லவா பசுமை? வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு கதவையும் அளந்து, படமெடுத்து, ‘கழற்றும் பொருள் வீட்டுக்காரருக்கே’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலில் உள்ள பழைய எனாமல் பெயிண்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தட்டோடு பதித்துப் பாயிண்டிங் (ஓடுகளின் இடைவெளியை அடைக்கும் பூச்சு) நன்றாக இறுகியதும், மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 48 மணி நேரம் கழித்து அடியில் போய்த் தளத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பூச்சுக்கான பணத்தை அதன் பிறகு, மாடி முழுக்கக் காய்ந்தபின் கொடுத்தால் போதும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை மார்கழி பிறக்கும் வரை நிறுத்திவையுங்கள்.