சீனி இல்லாத டீயும் கேழ்வரகு பிஸ்கட்டும்

அப்பாவுக்குச் சுகர் வந்து நாலு வருடம். டீயில் சீனியை அன்றைக்கே நிறுத்திவிட்டார். கூடக் கடித்துக்கொள்ள மட்டும் ஏதாவது வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் இந்தக் கேழ்வரகு பிஸ்கட் கிடைத்தது. 120 கிராம், 15 பிஸ்கட், 35 ரூபாய். கவர் முழுக்கக் கேழ்வரகுக் கதிர்.

மொறுமொறுப்புக்குக் குறையில்லை. டீயில் முக்கினால் உடைந்து விழவும் இல்லை. கேழ்வரகு வாசம்தான் வந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. கவரைத் திருப்பினேன். கேழ்வரகு மாவு 12 சதவீதம். 8 கிராம் பிஸ்கட்டில் ஒரு கிராம்! எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் ‘ரிஃபைன்டு வீட் ஃப்ளோர்’, அப்புறம் சீனி, அப்புறம் பாமாயில். கேழ்வரகுக்கு நாலாவது இடம்.

அப்பா ஓய்வு பெற்ற கண்டக்டர். லென்ஸை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். “வீட்னா கோதுமைதானம்மா?” மைதா என்று சொன்னேன். சரி என்று கீழே போனார். “சேர்த்த சீனி 7 சதவீதம்தான் போட்டிருக்கு, பரவாயில்லையே.”

அந்த 7தான் ஆளை ஏமாற்றுகிறது. பிஸ்கட்டில் 7 பங்கு சீனி என்று அதற்கு அர்த்தமில்லை. சேர்த்த சீனிக்கு ஒரு நாள் கணக்கு 50 கிராம். இரண்டு பிஸ்கட் தின்றால் அதில் 7 சதவீதம் தீர்ந்தது என்று அர்த்தம். அதுவும் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஆளை வைத்துப் போட்ட கணக்கு, சுகர்காரரை வைத்து இல்லை. 100 கிராமுக்கு என்று பக்கத்திலேயே இன்னொரு வரிசை இருக்கிறது. அதில் சேர்த்த சீனி 21 கிராம். அப்பா ஒரு தடவைக்கு நாலு எடுப்பார். ஏறக்குறைய 7 கிராம் சீனி, ஒன்றரை டீஸ்பூனுக்கு மேல். காலையும் மாலையும்.

டிக்கெட் கணக்கில் பத்துப் பைசா பிசகாத மனுஷன். விரல்விட்டு எண்ணிவிட்டு, “அப்ப டீயிலயே போட்டுக் குடிச்சிருக்கலாம்” என்றார்.

கம்பெனி எதையும் மறைக்கவில்லை, எல்லாம் அச்சில் இருக்கிறது. முன்பக்கம் ‘கேழ்வரகு’ என்று தமிழில் கட்டைவிரல் பருமனுக்கு. பின்பக்கம் முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த மாதிரி. ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். அப்பாவுக்குப் போதவில்லை.

மீதிப் பாக்கெட் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. அப்பா இப்போது டீயோடு பொரிகடலை கொறிக்கிறார். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை, டீயில் உடையாததற்கு.