விளையாட்டு விழாவை ஏற்று நடத்தும் பலகை விளையாட்டு: ஒரு மதிப்பீடு

சர்வதேசப் பல்துறை விளையாட்டு விழாவொன்றை நடத்தும் உரிமையை ஒரு நகரம் எவ்வாறு கோருகிறது, கிடைத்த பின்னர் அந்தச் சுமையை எவ்வாறு தாங்குகிறது என்பதையே கருவாகக் கொண்ட பலகை விளையாட்டொன்று மலையகத்துப் புத்தகக் கடைகள் சிலவற்றில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வடிவமைத்தவர்கள் கண்டியைச் சேர்ந்த சில இளைஞர்கள். ஹட்டனில் அதன் விலை 4,500 ரூபாய். தாயம், கரம் ஆகியவற்றோடு பொழுது போக்கிப் பழகிய எங்கள் வீட்டில், நகராட்சியும் வரவு செலவுத் திட்டமும் பேசும் ஒரு விளையாட்டு எடுபடுமா என்ற ஐயத்தோடுதான் வாங்கினேன். இரண்டரை மணி நேரம் ஒருவரும் எழுந்து போகாமல் ஆடியதைப் பார்த்த பிறகு அந்த ஐயம் தீர்ந்தது. வேறு சில ஐயங்கள் எழுந்தன.

மூன்று முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஒரு நகரத்தின் மேயர். முதற்பாதியில் எல்லோரும் உரிமைக்காகப் போட்டியிடுகிறார்கள். கையிலுள்ள வாக்குறுதி அட்டைகளை மேசையில் வைக்க வைக்க வாக்குகள் சேரும்: புதிய நீச்சல் அரங்குக்கு இத்தனை, விமான நிலையத்திலிருந்து புதிய ரயில் பாதைக்கு இத்தனை, வீரர் கிராமத்துக்கு இத்தனை என்று. வாக்கெடுப்பு சுற்றுச் சுற்றாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த வாக்குப் பெற்ற நகரம் வெளியேற, அதற்கு விழுந்த வாக்குகள் பிறருக்குப் பிரிகின்றன. இது சர்வதேச ஒலிம்பிக் குழு நெடுங்காலம் கடைப்பிடித்த முறையை ஒட்டியது; அங்கே ஒவ்வொரு சுற்றிலும் உறுப்பினர்கள் புதிதாக வாக்களிப்பார்கள். 2012 ஆம் ஆண்டுக்கான உரிமையை முடிவு செய்ய 2005 இல் சிங்கப்பூரில் கூடியபோது, மொஸ்கோ, நியூயோர்க், மட்ரிட் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, இறுதிச் சுற்றில் லண்டன் 54, பாரிஸ் 50 என்று முடிந்ததை விதிநூல் எடுத்துக்காட்டாகத் தருகிறது. முதற்சுற்றில் முன்னணியில் இல்லாத நகரமும் பலருடைய இரண்டாவது தெரிவாக இருந்தால் வென்றுவிடலாம் என்பதைப் பிள்ளைகள் வெகு விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் மகள் எதிராளிகளோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஆனால் விளையாட்டின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. வென்ற மேயர் தாம் மேசையில் வைத்த வாக்குறுதிகள் அத்தனையையும் ஏழு ஆண்டுகளுக்குள், அதாவது ஏழு சுற்றுகளுக்குள், கட்டி முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிகழ்வு அட்டை திருப்பப்படுகிறது. சீமெந்து விலை ஏறலாம். தொழிலாளர் வேலைநிறுத்தம் வரலாம். தேர்தலில் ஆட்சி மாறலாம். அட்டைகளின் பின்புறத்தில் வரலாற்றில் நடந்த ஒரு சம்பவம் நான்கைந்து வரிகளில் தரப்பட்டிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியது இவற்றுக்காகத்தான் என்று சொல்லுமளவுக்கு இக்குறிப்புகள் செறிவாக உள்ளன. 1976 ஒலிம்பிக்கை நடத்திய மொன்றியலின் மேயர் ழான் ட்ராப்போ, ஆண்மகன் பிள்ளை பெற முடியாதது போலவே ஒலிம்பிக்கும் நட்டத்தில் முடியாது என்று உறுதி கூறியதையும், அந்தக் கடன் அடைபட 2006 வரை முப்பது ஆண்டுகள் ஆனதையும், புகையிலை மீது வரி விதித்து அதைக் கட்ட நேர்ந்ததையும் ஒரே அட்டையில் படித்த மாமா, அதைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபுறம், 1984 ஒலிம்பிக்குக்கு வேறு போட்டியாளரே இல்லாத நிலையில் உரிமை பெற்ற லொஸ் ஏஞ்சலிஸ், ஏற்கெனவே இருந்த அரங்குகளைப் பயன்படுத்தி 200 மில்லியன் டொலருக்கும் மேல் மிச்சம் பிடித்தது. இவ்விரண்டு அட்டைகளையும் ஒரே ஆட்டத்தில் எடுக்க நேர்ந்தால், வாக்குறுதி கொடுக்கும்போதே நட்டத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்பது விளங்கும். குறைவாக வாக்குறுதி கொடுத்த மேயர் தோற்பார், நிறைய வாக்குறுதி கொடுத்த மேயர் வென்று கடனாளியாவார் என்ற இந்த இழுபறியை விதிகள் மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கின்றன.

மாமா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் எனப்படும் தொழிலாளர் வரவுப் பதிவேட்டை எழுதிய கை என்பதால் ஒவ்வொரு செலவையும் இரண்டு முறை கூட்டிப் பார்ப்பார். உரிமையை அவர் வென்றதே இல்லை. ஆனால் அடுத்தவர் கட்டிய அரங்குகளை மதிப்பிட்டு, 'இந்த மேயருக்கு இன்றைக்கு அரைப் பேர்தான்' என்று, அரை நாள் சம்பளத்தைக் குறிக்கும் தோட்டத்துச் சொல்லால் அவர் தீர்ப்புச் சொல்வது வீட்டில் வழக்காகிவிட்டது. தோற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர்கள் செய்துள்ள ஏற்பாடு அவருக்கு நன்றாகப் பொருந்துகிறது. தோற்ற நகரங்களின் மேயர்கள் இரண்டாம் பாதியில் ஒப்பந்தகாரர், விளையாட்டுச் சம்மேளனம், நகரவாசி என்ற பாத்திரங்களை ஏற்று, தத்தம் புள்ளிகளுக்காக வென்றவரோடு பேரம் பேசுகிறார்கள். பொதுவாகப் பலகை விளையாட்டுகளில் முதலில் தோற்றவர் தேநீர் ஊற்றப் போய்விடுவார். இங்கே அவர்தான் அதிகம் பேசுகிறார்.

மூன்று பாத்திரங்களில் நகரவாசிதான் பலவீனமானது. நகர மக்கள் எல்லோரையும் 'மக்கள் ஆதரவு' என்ற ஒரே முள்ளாகச் சுருக்கி, பூச்சியத்திலிருந்து பத்துவரை நகர்த்துவதோடு முடித்துவிட்டார்கள். அரங்குக்காக இடம் பெயர்க்கப்படும் குடும்பமும் அந்த அரங்கில் கடை போட இடம் கிடைக்கும் வியாபாரியும் ஒரே முள்ளில் எப்படி அடங்குவார்கள்? தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவதற்கான காணி உறுதிப் பத்திரத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் குடும்பங்களை நாளும் பார்க்கும் நமக்கு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியே இல்லாமல் ஒரு நகரத்தைக் கட்டி எழுப்பும் விதி உறுத்துகிறது. அடுத்த பதிப்பில் இதைச் சரி செய்தால், இப்போது சரியாக இருக்கும் பலவும் இன்னும் கனம் பெறும்.

விலகல் விதியை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். எந்தச் சுற்றிலும் மேயர் இழப்பீடு கட்டிவிட்டு உரிமையைத் திருப்பிக் கொடுக்கலாம். கோழைத்தனம் போலத் தோன்றும் இந்த வழிக்கு வரலாற்றில் வலுவான முன்னுதாரணங்கள் உண்டு. 1976 குளிர்கால ஒலிம்பிக் உரிமையைப் பெற்ற டென்வரில், 1972 இல் வாக்காளர்கள் பொதுப்பணம் தர மறுத்துவிட, விழா ஆஸ்திரியாவின் இன்ஸ்புறூக்குக்குப் போனது. 2022 பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு 2015 இல் தெரிவான டேர்பன், உறுதியளித்தவற்றை நிறைவேற்ற முடியாமல் 2017 இல் உரிமையை இழந்தது. அந்த இடத்துக்குப் பேர்மிங்ஹாம் வந்தது. 2026 விழாவை ஏற்றிருந்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2.6 பில்லியன் டொலர் என்று போட்ட கணக்கு 6 பில்லியனையும் தாண்டும் என்று கூறி 2023 ஜூலையில் விலகி, 380 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு கொடுத்தது. பின்னர் கிளாஸ்கோ பத்து விளையாட்டுகளை மட்டும், இருக்கும் அரங்குகளிலேயே நடத்துவதாக ஏற்றுக்கொண்டது. விதியிலுள்ள குறை என்னவென்றால், முதலாம் ஆண்டில் விலகினாலும் ஆறாம் ஆண்டில் விலகினாலும் இழப்பீடு ஒன்றுதான். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் கடைசி நேரம்வரை காத்திருந்து தப்பிவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பங்கு கூட்டிக் கட்ட வேண்டும் என்று நாங்கள் வீட்டிலேயே விதியைத் திருத்திக்கொண்டோம். ஆட்டம் உடனே இறுகியது.

பேர்மிங்ஹாம் அட்டை திருத்தப்பட வேண்டும். 2022 விழாவை நடத்தியதால் அந்த நகரசபை 2023 இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். 2023 செப்டெம்பரில் சபை அத்தியாவசியமற்ற செலவுகளை நிறுத்தும் அறிவிப்பை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அதற்குச் சபை முன்வைத்த பெருங் காரணங்கள், பெண் ஊழியர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட சம ஊதியத்துக்கான கோரிக்கைகளும், தடுமாறிப்போன கணினிக் கட்டமைப்பின் செலவும் ஆகும். விளையாட்டு விழாவின் மீது எல்லாப் பழியையும் போடுவது எளிது; பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளில் அது கூடாது. இதே விழாவிலிருந்து அவர்கள் எடுத்திருக்க வேண்டிய சம்பவம் வேறு: நகரின் பெரி பார் பகுதியில் வீரர் கிராமம் கட்டி முடிக்கத் தாமதமானதால், கொவிட் காலத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, வீரர்களைப் பல்கலைக்கழக விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் தங்க வைத்தது. வாக்குறுதி ஒன்று நிறைவேறாமலே விழா நன்றாக நடந்தேறலாம் என்பதை அது காட்டியிருக்கும்.

இலங்கைக்கு இரண்டு நகர அட்டைகள் உண்டு. 1991 இலும் 2006 இலும் தெற்காசிய விளையாட்டு விழாவை நடத்திய அனுபவத்துக்காகக் கொழும்புக்கு முதற் செலவில் கழிவு கிடைக்கிறது. அம்பாந்தோட்டை அட்டைதான் பெரியவர்களுக்கிடையே அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது. 2018 பொதுநலவாய விழாவுக்கு அது போட்டியிட்டதும், 2011 நவம்பரில் சென் கிட்ஸ் தீவின் பசெற்றெரில் நடந்த வாக்கெடுப்பில் கோல்ட் கோஸ்ட்டிடம் 43க்கு 27 என்று தோற்றதும் இளையவர்களுக்குத் தெரியாது. அப்போது நாட்டில் எத்தனை எதிர்பார்ப்பு இருந்தது என்பதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது. விளையாட்டில் அம்பாந்தோட்டைக்கு நிலம் மலிவு, துறைமுகம் தயார், தங்கும் அறைகள் குறைவு. அட்டையின் பின்குறிப்பு அடக்கமாக எழுதப்பட்டிருக்கிறது: துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதையும், 2013 இல் திறந்த மத்தள விமான நிலையம் விமானங்கள் அதிகம் வராமல் கிடந்ததையும் சொல்லிவிட்டு, விழாவும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆடுபவரிடமே விட்டுவிடுகிறது. அண்ணன் அந்த அட்டையை எடுத்து வென்று, நான்காம் ஆண்டிலேயே விலகிவிட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மலையகத்திலிருந்து ஒரு நகரமும் இல்லை என்பது கண்டியில் வடிவமைத்தவர்கள் செய்யக்கூடாத கஞ்சத்தனம். உள்ளூர் வீரர் அட்டைகளில் மட்டும் கண்டி மாவட்டத்து வளலையில் படித்த தருஷி கருணாரத்ன இருக்கிறார்; 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடி, மெய்வல்லுநர் போட்டிகளில் 2002 க்குப் பிறகு நாட்டுக்குத் தங்கம் தேடித் தந்தவர். நகர அட்டைக் குறையை அண்ணன் மகன் வெற்று அட்டையொன்றில் நுவரெலியாவை எழுதித் தீர்த்தான். 1,868 மீற்றர் உயரம் அதன் பலம் என்று அவன் போட்டதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் 1968 இல் பொப் பீமன் நீளம் பாய்தலில் தாண்டிய 8.90 மீற்றர் உலக சாதனை 1991 வரை முறியடிக்கப்படவில்லை. அதே மெல்லிய காற்றில் நெடுந்தூர ஓட்டங்களில் உயர்நிலங்களில் வளர்ந்த கென்ய, எத்தியோப்பிய வீரர்கள் முன்னுக்கு வந்தார்கள். பலவீனம் என்ற கட்டத்தில் அவன் எழுதியது: ஏப்ரல் வசந்த காலத்தில் அறை கிடைக்காது, ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும், றம்பொடை மலைப்பாதையில் லொறி நின்றால் எல்லாம் நின்றுவிடும். அச்சிட்ட அட்டைகள் பலவற்றைவிட இது துல்லியமாக இருப்பதால் இப்போது பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது.

பொருளின் தரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. பலகை உறுதியானது, வண்ணங்கள் கண்ணை உறுத்தாதவை. பணத்தாள்கள் மெல்லியவை, ஈரக்கையோடு தொட்டால் ஒட்டிக்கொள்கின்றன. மும்மொழியையும் ஒரே அட்டையில் அடக்கியதால் தமிழ் எழுத்துகள் மிகச் சிறிதாகிவிட்டன. மாமாவுக்கு மூக்குக் கண்ணாடியோடும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தனியே ஆடுவது கடினம். உயர்தரத்தில் பொருளியலோ அரசியலோ படிக்கும் மாணவர்கள் உள்ள வீட்டிலும் பாடசாலை நூலகத்திலும் இதைத் தயங்காமல் வாங்கி வைக்கலாம். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு இது ஆகாது, வாக்கெடுப்பே நடக்காது.

ஹட்டன் பக்கத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையில் அட்டைகள் இரண்டே வாரத்தில் வளைந்துவிடுகின்றன. அட்டைகளையும் பணத்தாள்களையும் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பதே வழி. பலகை அதற்குள் அடங்காது என்பதால் அதை அலுமாரிக்கு மேலே வைக்க வேண்டியிருக்கும்.