குறுக்குவெட்டு ஆய்வா, நெடுங்கால ஆய்வா?

உளவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்ததுமே தடுமாறும் இடம் இது. வயது ஏற ஏற அறிவுத்திறன் குறைகிறதா என்பதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

காலம்: குறுக்குவெட்டில் 20, 40, 60 வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் சோதித்துவிடலாம். நெடுங்கால ஆய்வில் அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

செலவு: முன்னது கைக்கு அடங்கும். பின்னதற்குத் தொடர்ந்து நிதி வாங்குவதே பெரும்பாடு.

ஆட்கள்: முன்னதில் ஒருமுறை வந்தால் போதும். பின்னதில் பலர் பாதியில் கழன்றுகொள்வார்கள். உடல்நலம் குன்றியவர்களே அதிகம் விலகினால், மிஞ்சியவர்களின் மதிப்பெண் உண்மையைவிட அழகாகத் தெரியும். அதே சோதனையைத் திரும்பச் செய்து பழகிவிடுவதாலும் மதிப்பெண் ஏறுவதுண்டு.

நம்பகம்: விஷயமே இங்கேதான். 60 வயதுக்காரர் குறைவாக மதிப்பெண் எடுத்தால், காரணம் முதுமையா, அவர் தலைமுறைக்கு வாய்த்த பள்ளிப்படிப்பா? குறுக்குவெட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. உளவியலாளர் வார்னர் ஷாய் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, 7 ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆட்களைச் சோதித்ததோடு புதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. குறுக்குவெட்டு காட்டிய சரிவு பல திறன்களில் மிகை என்று அதில் தெரிந்தது. இரண்டையும் பின்னிய அந்த வடிவமைப்பே எனக்குப் பிடித்தது. தனி மாணவரால் ஆகிற காரியமல்ல, அது வேறு.

ஓராண்டில் ஆய்வேடு தர வேண்டுமென்றால் குறுக்குவெட்டை எடுங்கள். ஆனால் 'வயதால் குறைகிறது' என்று எழுதாமல், 'வயதுக்குழுக்களிடையே வேறுபாடு உள்ளது' என்று எழுதுங்கள். ஒரே ஆளிடம் நேரும் மாற்றம்தான் கேள்வி என்றால் நெடுங்கால ஆய்வு தவிர வழியில்லை.